திருப்பிச் சொல்லு

என் வீட்டுக்காரரு தண்ணி குடிக்கணும்னா சும்மா குடிச்சிட மாட்டாரு. "இப்ப தண்ணி குடிக்கப் போறேன்"னு சொல்லுவாரு. சொல்லிட்டு டம்ளரைத் தொட்டபடி அப்படியே நிப்பாரு. நான் வீட்டுல எந்த மூலையில இருந்தாலும் "இப்ப தண்ணி குடிக்கப் போறேன்"னு திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் டம்ளர் வாய்க்குப் போகும். குடிச்சு முடிச்சதும் "முடிஞ்சது"ம்பாரு.

கல்யாணம் ஆன புதுசுல இது ஏதோ பைத்தியம்னு நெனச்சு எங்கம்மாகிட்ட போய் அழுதேன். எங்கம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்டி. இந்த மனுஷன் தண்ணி குடிக்கிறதத்தானே சொல்றாரு, தண்ணி போடறதையா சொல்றாரு?"ன்னாங்க. அப்படிச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

அவரு பாத்த வேலை அப்படி. பட்டாளத்துல வெடிக்காத குண்டை எடுக்கிற பிரிவு. அங்க ஒருத்தரு குண்டு பக்கத்துல உக்காந்திருப்பாரு, இன்னொருத்தரு தூரத்துல போனைக் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. குண்டு பக்கத்துல இருக்கிறவரு, ஒரு திருகாணியைத் தொடறதா இருந்தாலும் தொடறதுக்கு முன்னாடி வாயால சொல்லணும். தூரத்துல இருக்கிறவரு ஒரு வார்த்தை மாறாம, 'நான்'ங்கறதை 'நீங்க'ன்னுகூட மாத்தாம, அப்படியே திருப்பிச் சொல்லி எழுதிக்கணும். அதுக்கப்புறந்தான் கை நகரலாம். ஏன்னா குண்டு வெடிச்சுட்டா, எதைத் தொட்டதும் வெடிச்சுதுன்னு அடுத்து வர்றவனுக்குத் தெரியணும். அவருக்கு வேலை சொல்லிக்குடுத்த மனுஷன் ஒரு நாள் அவசரத்துல சொல்லாமத் தொட்டு, வெடிச்சுச் செத்துட்டாராம். அதே மாதிரி இன்னொரு குண்டு மறுவாரம் விழுந்துச்சு. எங்க தப்பு நடந்ததுன்னு யாருக்கும் தெரியாததால அதைத் தொட்டவனும் போயிட்டான். அந்த ரெண்டு சாவையும் பாத்த பிறகு இவருக்கு அது நாக்குலயும் கையிலயும் ஊறிப்போச்சு. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாலும் விடல.

சொல்லாமச் செய்யறவன்தான் பெரிய மனுஷன்னு ஊருல பேசிக்குவாங்க. எனக்கு வாச்சது சொல்லிட்டும் செய்யாம நிக்கிற மனுஷன்.

நானும் லேசுப்பட்டவ இல்ல. ஒரு நாள் "சட்டையைத் தலைக்கு மேல தூக்கப் போறேன்"னாரு, திருப்பிச் சொன்னேன். தூக்கினாரு. "முழுசா உருவப் போறேன்"னாரு. நான் வாயே திறக்கல. மனுஷன் முகத்தைச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு, கொடிக்கம்பம் மாதிரி நிக்கிறாரு. நான் நிதானமா காய் நறுக்கிக்கிட்டிருக்கேன். கடைசியில உள்ள இருந்து சத்தம் வருது: "மகாராணி, திருப்பிச் சொல்லு. மூச்சு முட்டுது." அன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்புல கத்தி விரல்ல பட்டுருச்சு. அதுக்கப்புறம் அந்த விளையாட்டை எத்தனையோ தடவை விளையாடியிருக்கேன். ஒரு தடவைகூட அவரு திருப்பிச் சொல்லாம கையை நகர்த்தினது கிடையாது.

மீசை முளைக்கும்போது பட்டாளத்துல சேர்ந்தவரு, அந்த மீசை நரைக்கிற வரைக்கும் அங்கயேதான். முதல் சண்டையில ஒரு பாலத்துக்கு அடியில, கழுத்தளவு தண்ணியில நின்னுக்கிட்டு, மேல எதிரி சுட்டுக்கிட்டிருக்கும்போதே தூணுல கட்டியிருந்த வெடியை ஒவ்வொண்ணா அவுத்து எடுத்தாரு. கடைசி வெடி அவரு இடது கையில ரெண்டு விரலை எடுத்துக்கிச்சு. பாலம் நின்னுச்சு. அதுமேல அன்னிக்கு ராத்திரிக்குள்ள ஒரு பட்டாளமே உசுரோட திரும்பி வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அதுக்கு ஒரு பதக்கம். அப்புறம் ஒரு ரயில் நிலையத்துல, பிளாட்பாரத்துக்கு அடியில புதைஞ்சு கிடந்ததை எடுத்ததுக்கு இன்னொண்ணு. ரெண்டும் என் தையல் டப்பாவுல பட்டனோட பட்டனா கிடந்துச்சு. பதக்கத்தைத் தொட்டுக்கூட பாக்க மாட்டாரு. யாராவது வீட்டுக்கு வந்து கேட்டா, "அதுவா, அது எங்கயோ ஊசி நூலோட இருக்கும்"பாரு.

சார்ஜெண்ட் ஆனாரு, தலை நரைச்சுது, ஓய்வுக்கு ஆறே மாசம் இருந்துச்சு. புள்ளைகுட்டி இல்ல எங்களுக்கு. இனிமேலாவது ரெண்டு பேரும் ஒரே வீட்டுல ஒண்ணா இருக்கலாம்னு நான் ஜன்னலுக்குத் திரை தைச்சுக்கிட்டிருந்தேன். அந்த வருஷந்தான் சண்டை எங்க ஊருக்குள்ளயே வந்துச்சு.

நான் ஆஸ்பத்திரியில டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தேன். எக்ஸ்சேஞ்ச் ஆஸ்பத்திரிக்குள்ள இல்ல. முற்றத்தைத் தாண்டி, கேட்டுப் பக்கத்துல தனியா ஒரு ஓட்டுக் கட்டடம். அங்க இருந்து பாத்தா எலும்பு வார்டோட ஜன்னல் தெரியும். அந்த வார்டுல கால்ல மாவுக்கட்டு, கயித்துல தொங்கவிட்ட கால், இடுப்புல கம்பின்னு ஆளுங்க. அதுல ஒருத்தனுக்கு நாங்க வெச்ச பேரு மணியாட்டி. ரெண்டு காலும் கட்டுல இருக்கு, கையில மட்டும் ஒரு பித்தளை மணி. தண்ணிக்கு மணி, தலையணைக்கு மணி, ஈ உக்காந்தா மணி. நர்சுங்க வரலேன்னா எனக்குப் போன் போடச் சொல்லி மணி. அந்த மணியைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அன்னிக்குக் காலைச் சாப்பாட்டுத் தட்டையெல்லாம் கழுவுற நேரம். விமானம் வந்த சத்தம் கேட்டு மேசைக்கடியில பூந்துட்டேன். தரை ஒரு ஆட்டம் ஆடுச்சு. ஆனா வெடிச் சத்தம் வரல. வெடிச்சிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. குண்டு எலும்பு வார்டை ஒட்டின சலவை அறைக் கூரையைப் பொத்துக்கிட்டு உள்ள போய், தரையில பாதி புதைஞ்சு, வெடிக்காம உக்காந்துக்கிச்சு. உள்ள டிக்டிக்னு கடிகாரச் சத்தம் கேக்குதுன்னு சலவைக்காரம்மா ஓடி வந்து சொன்னாங்க.

சலவை அறைக்கு வாசல் ஒண்ணுதான், அதுவும் வார்டு வழியா. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. நடக்கத் தெரிஞ்ச நோயாளிங்க எல்லாம் வெளிய ஓடிட்டாங்க. கால் தொங்கிக்கிட்டு இருக்கிறவங்களை எப்படி நகர்த்தறது? கயித்தையும் கம்பியையும் ஒவ்வொண்ணா கழட்டி, கட்டிலோட தூக்கணும். தெருவுல வேற பீரங்கி ஷெல் விழுந்துக்கிட்டிருக்கு. தூக்கறதுக்கு இருந்த ஆளுங்களோ ரெண்டு கை விரலுக்குள்ள அடங்கிடும்.

பட்டாளத்து வண்டி வந்து நின்னுச்சு. அதுல இருந்து என் வீட்டுக்காரரு இறங்கினாரு.

அவரு என்னைப் பாக்கல. பாத்திருந்தாலும் பாக்காத மாதிரிதான் போயிருப்பாரு. பையைத் தோள்ல போட்டுக்கிட்டு நேரா உள்ள போயிட்டாரு. அவரோட வந்த ரெண்டு பேரு என் எக்ஸ்சேஞ்சுக்குள்ள வந்தாங்க. ஒருத்தரு கேப்டன், முகத்துல இன்னும் பால் வடியுது. இன்னொருத்தன் எனக்குத் தெரிஞ்ச தம்பி. பட்டாளத்துல அவனுக்குப் பேரே காது. பன்னெண்டு வருஷமா என் வீட்டுக்காரரு சொல்றதை மறுமுனையில கேட்டு எழுதறவன் அவன்தான். என்னை அண்ணின்னுதான் கூப்பிடுவான். அவனே முற்றத்துல வயரை இழுத்துக்கிட்டு வந்து, போன் பெட்டியை என் மேசையில வெச்சு, காதுல மாட்டிக்கிட்டான். மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தான்.

"என்ன சொல்றாரு?"ன்னு கேப்டன் கேட்டாரு. அவன் திரும்பல. கேப்டன் தோளைத் தொட்டதும் திரும்பினான். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது.

"கேக்கல சார். காலையில பக்கத்துல ஷெல் விழுந்ததுல இருந்து ஒண்ணுமே கேக்கல. போகப் போகச் சரியாயிடும்னு நெனச்சேன். நான் இல்லேன்னா அவரு இன்னொரு ஆளோட உள்ள போகணுமேன்னு சொல்லாம வந்துட்டேன்."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரல. யாரா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்போம். கேப்டன் முகம் வெளுத்துப்போச்சு. வேற ஆளை வரவழைக்க நேரமில்ல. "இங்க போன்ல பேசி எழுதத் தெரிஞ்சவங்க யாரும்மா?"ன்னு கேட்டாரு. எக்ஸ்சேஞ்சுக்குள்ள நின்னுக்கிட்டு கேக்கிற கேள்வியா அது? காது என்னைப் பாத்து வேண்டாம்னு தலையை ஆட்டினான். நான் அதுக்குள்ள அவன் காதுல இருந்ததைக் கழட்டி என் காதுல மாட்டிட்டேன்.

"எக்ஸ்சேஞ்ச் பேசறேன்"னேன். பழக்கதோஷம்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுச்சு. அதுக்குப் பின்னாடி டிக்டிக்.

"வேற ஆளே கிடைக்கலயா?"ன்னாரு.

"கிடைச்சிருந்தா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?"

"காது?"

"செவுடாயிட்டான்."

அப்புறம் அவரு குரல் மாறிடுச்சு. வீட்டுல நான் கேக்காத குரல் அது. "சரி எக்ஸ்சேஞ்ச். சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லணும். கேள்வி கேக்கக் கூடாது. குண்டு மேல இருக்கிற மண்ணைத் துடைக்கப் போறேன்."

"குண்டு மேல இருக்கிற மண்ணைத் துடைக்கப் போறேன்."

காது பென்சிலை எடுத்துக்கிட்டு எனக்கு எதிர்ல உக்காந்தான். என் உதட்டைப் பாத்து எழுத ஆரம்பிச்சான். பன்னெண்டு வருஷமா அந்த வார்த்தைங்களைக் கேட்டவன், உதடு அசைஞ்சாலே அவனுக்குப் புரிஞ்சுது.

"முடிஞ்சது. பூட்டு வளையத்துல சாவியை மாட்டப் போறேன்."

"பூட்டு வளையத்துல சாவியை மாட்டப் போறேன்."

"முடிஞ்சது."

அந்த முடிஞ்சதுங்கிற வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுலதான் நான் மூச்சு விட்டேன். அந்த நேரத்துல ஒண்ணு புரிஞ்சுது. இத்தனை வருஷம் நான் கிண்டல் பண்ணின அந்தப் பேச்சு, இந்த மனுஷனுக்குச் சாமி மாதிரி. வீட்டுல தண்ணி டம்ளருக்கு முன்னாடி நின்னவரும் இவருதான்.

குண்டோட வயித்துல ஒரு பித்தளைக் குழாய் செருகியிருக்குமாம். அதுக்குப் பேரு பியூஸ். அதுக்குள்ள கடிகாரம், கடிகாரத்துக்கு அடியில கைப்பிடி அளவு மருந்து. அந்தச் சின்ன மருந்து வெடிச்சுதான் பெரிய குண்டை எழுப்பிவிடும். காந்தத்தை வெச்சா கடிகாரம் நின்னுடும். அவரு காந்தத்தை வெச்சாரு. டிக்டிக் நின்னுச்சு. கேப்டன்கிட்ட கட்டைவிரலைத் தூக்கிக் காமிச்சேன். அவரு நாற்காலியில சாஞ்சாரு. காது முதல் தடவையா சிரிச்சான்.

அப்புறம் மறுபடியும் டிக்டிக்.

"காந்தம் பிடிக்கல"ன்னாரு அவரு, ஏதோ சமையலுக்கு உப்பு பத்தலேன்னு சொல்ற மாதிரி. "கடிகாரம் ஓடுது. இழுத்து எடுக்கிறது ஒண்ணுதான் வழி. வளையத்தைக் கழட்டப் போறேன்." திருப்பிச் சொன்னேன். "முடிஞ்சது. குழாய் அடியில கண்ணாடியை விட்டுப் பாக்கப் போறேன்." திருப்பிச் சொன்னேன்.

இந்தத் தடவை 'முடிஞ்சது' வரல.

தூரத்துல மணிச் சத்தம் கேட்டுச்சு, போன் வழியா. மணியாட்டி இன்னும் வார்டுக்குள்ளதான் இருக்கான். ஜன்னல் வழியா பாத்தேன். ரெண்டு ஆளுங்க ஒரு கட்டிலைத் தூக்க முடியாம தூக்கிக்கிட்டு வாசல்ல மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. உள்ள இன்னும் தொங்கற காலுங்க வரிசையா தெரியுது.

"என்ன ஆச்சு? சொல்லுங்க"ன்னேன்.

அவரு யோசிக்கிறது எனக்குத் தெரியும். என்கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு யோசிக்கிறாரு. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. "இந்தாங்க, சொல்லாம எதையாச்சும் தொட்டீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன். தண்ணி குடிக்கிறதுக்கு ஊரைக் கூட்டின வாய் இப்ப எங்க போச்சு? சொல்லுங்க!"

கேப்டன் திடுக்கிட்டு எழுந்து நின்னுட்டாரு. நான் யாருன்னு அப்பத்தான் அவருக்குப் புரிஞ்சிருக்கணும்.

"எக்ஸ்சேஞ்ச்"னாரு அவரு. "அடுத்தது கொஞ்சம் பெருசு. முழுசாக் கேட்டுட்டுத் திருப்பிச் சொல்லு. பியூசை வெளிய இழுக்கப் போறேன். அடியில ஒரு ஸ்ப்ரிங் வெச்சிருக்கான். வெளிய வரும்போது அதை வலது கட்டைவிரலால அமுக்கிக்கப் போறேன். இடது கையால குழாயைப் பிடிச்சுக்கப் போறேன். மூலையில இருக்கிற கல்தொட்டிக்கு நடந்து போகப் போறேன். ரெண்டு கையையும் தொட்டிக்குள்ள விட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு, விரலை எடுக்கப் போறேன்."

டிக்டிக். டிக்டிக்.

"விரலை எடுத்தா?"ன்னேன்.

"கேள்வி கேக்கக் கூடாது."

"விரலை எடுத்தா என்ன ஆகும்?"

"பியூஸ் வெடிக்கும். தொட்டிக்குள்ள வெடிச்சா குண்டு வெடிக்காது. வார்டுக்கு ஒண்ணும் ஆகாது."

"தொட்டியில போட்டுட்டு ஓடி வந்துடுங்க."

"விரல் நகர்ந்த நொடி வெடிச்சிடும். அதுக்குள்ள கையை எடுக்க முடியாது."

"கம்பி போட்டுக் கட்டுங்க. கயிறு போட்டுக் கட்டுங்க. வெளிய எடுத்துக்கிட்டு வந்து தூக்கி எறிங்க."

"கட்ட இடமில்ல. வெளிய வரணும்னா வார்டு வழியாத்தான் வரணும். அதுக்குள்ள கடிகாரம் முடிஞ்சிடும். திருப்பிச் சொல்லு."

நான் என் கையால என் வாயைப் பொத்திக்கிட்டேன்.

கேப்டன் "என்னம்மா, என்ன சொல்றாரு?"ங்கறாரு. காது பென்சிலை வெச்சுக்கிட்டு என் உதட்டையே பாத்துக்கிட்டிருக்கான். என் உதடு கைக்குள்ள இருக்கு. அவரு சொன்னது என்னைத் தவிர உலகத்துல யாருக்கும் தெரியாது. நான் சொல்லலேன்னா அவரு கை நகராது. சட்டைக்குள்ள முகத்தை வெச்சுக்கிட்டு நின்ன மனுஷன். சத்தியமா நகராது. கடிகாரம் ஓடி முடிஞ்சா அவரே இருக்க மாட்டாரு, அதுவும் எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் சின்னப் புள்ள இல்ல. ஆனா அந்த நேரத்துல என் புத்திக்கு எட்டினது ஒண்ணே ஒண்ணுதான். நான் வாயைத் திறக்காத வரைக்கும் அவருக்கு ரெண்டு கையும் இருக்கு.

அந்தக் கையைத்தான் எனக்குத் தெரியும். முகத்தை விட எனக்கு அந்தக் கையைத்தான் நல்லாத் தெரியும். வருஷத்துல ஒரு மாசம் வீட்டுக்கு வர்ற கை. ரெண்டு விரல் இல்லாத அந்த இடது கையை என் தலைக்கடியில வெச்சுக்கிட்டுத்தான் நான் தூங்குவேன்.

"வெளிய வந்துடுங்க"ன்னு கெஞ்சினேன். "ஓடி வந்துடுங்க. உங்களுக்கு வயசாச்சு, ஆறு மாசத்துல ஓய்வு. யாரும் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"வார்டுல ஆளுங்க இருக்காங்கம்மா."

"இருந்தா இருக்கட்டும்! அவங்க யாரு எனக்கு? அந்த மணியாட்டி எனக்கு மாமனா மச்சானா? அவனுக்காக உங்க கையை நான் குடுக்கணுமா?"

கத்திட்டேன். கேப்டனுக்கு இப்ப எல்லாம் புரிஞ்சு போச்சு. போனை என்கிட்ட இருந்து வாங்க கையை நீட்டினாரு. நீட்டின கையை அப்படியே நிறுத்திட்டாரு. பாவம், அவருக்கும் தைரியம் வரல.

போன்ல மணிச் சத்தம். கிணிங் கிணிங்.

"கேக்குதா?"ன்னாரு என் வீட்டுக்காரரு. குரல்ல சிரிப்பு மாதிரி ஏதோ. "குண்டுக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு, தலையணை கேக்கறான் போல."

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. டிக்டிக் வேகமா ஓடற மாதிரி இருந்துச்சு, நெஜமாவே ஓடுச்சோ என்னமோ.

அப்புறம் அவரு குரல் மறுபடியும் மாறிச்சு. வேலைக் குரல் போயிடுச்சு. வீட்டுக் குரல் வந்துச்சு.

"மகாராணி, திருப்பிச் சொல்லு. மூச்சு முட்டுது."

நான் கையை வாயில இருந்து எடுத்தேன்.

"பியூசை வெளிய இழுக்கப் போறேன்"னேன். காது எழுத ஆரம்பிச்சான். "அடியில ஒரு ஸ்ப்ரிங் வெச்சிருக்கான். வெளிய வரும்போது அதை வலது கட்டைவிரலால அமுக்கிக்கப் போறேன். இடது கையால குழாயைப் பிடிச்சுக்கப் போறேன். மூலையில இருக்கிற கல்தொட்டிக்கு நடந்து போகப் போறேன்." என் குரல் எனக்கே வேற யாரோ பேசற மாதிரி கேட்டுச்சு. "ரெண்டு கையையும் தொட்டிக்குள்ள விட்டு..." காதோட பென்சில் நின்னுடுச்சு. நிமிர்ந்து என்னைப் பாத்தான். "எழுது தம்பி"ன்னேன். "முகத்தைத் திருப்பிக்கிட்டு, விரலை எடுக்கப் போறேன்."

"சரி"ன்னாரு அவரு.

பித்தளை உரசுற சத்தம். ஒரு நீளமான மூச்சு. டிக்டிக் சத்தம் இப்ப ரொம்பக் கிட்டக்க, அவரு நெஞ்சுக்கு நேரா. பூட்ஸ் சத்தம், நிதானமா, ஒண்ணு, இன்னொண்ணு. தண்ணி சொட்டற சத்தம். தொட்டிக்கு மேல இருக்கிற குழாயா இருக்கணும்.

நான் 'முடிஞ்சது'ங்கிற வார்த்தைக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். அது வரல. பெரிய இரும்புப் பெட்டியை மாடியில இருந்து போட்ட மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம் போன்ல ஒண்ணுமே இல்ல. அப்புறம் மணிச் சத்தம். ஜன்னல் வழியா கேட்டுச்சு, கிணிங் கிணிங் கிணிங்னு பைத்தியம் பிடிச்ச மாதிரி. நான் முற்றத்துல ஓடினது எனக்கு ஞாபகமில்ல. ஓடும்போது தெய்வத்தைக் கூப்பிட்டேனா, அவரை ஏசினேனா, அதுவும் ஞாபகமில்ல.

உசுரு இருந்துச்சு. முழங்கைக்குக் கீழ ரெண்டும் இல்ல.

அதுக்கப்புறந்தான் நான் நெஜமான நரகத்தைப் பாத்தேன். அவரை அதே எலும்பு வார்டுலதான் போட்டாங்க, வேற இடமில்ல. மணியாட்டிக்குப் பக்கத்துக் கட்டில். கண்ணைத் திறந்தாரு. என்னைப் பாத்தாரு. பேசல. மறுநாளும் பேசல. டாக்டரு நாக்கைப் பாத்தாரு, தொண்டையைப் பாத்தாரு, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னாரு. தண்ணி குடுத்தா குடிப்பாரு, இல்லேன்னா கேக்க மாட்டாரு. கஞ்சி ஊட்டினா வாயை மூடிக்குவாரு. தண்ணி குடிக்கிறதுக்கு ஊரைக் கூட்டின மனுஷன். கூரையைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தாரு. நாளுக்கு நாள் உடம்பு கட்டிலோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. இவரு சாகறதுன்னு முடிவு பண்ணிட்டாரு, அதை மட்டும் சொல்லாமச் செய்யறாருன்னு எனக்குப் புரிஞ்சுது.

ஒரு நாள் ஜெனரல் வந்தாரு. பின்னாடி போட்டோக்காரங்க. நாட்டுலயே பெரிய பதக்கம். ஏதோ படிச்சாங்க: தன்னுயிரைப் பொருட்படுத்தாமல், அப்படி இப்படின்னு. படிச்சு முடிச்சு, பதக்கத்தைச் சட்டையில குத்திட்டு, ஜெனரல் பழக்கத்துல கை குலுக்க கையை நீட்டிட்டாரு. நீட்டின பிறகுதான் தெரிஞ்சுது. அந்தக் கை அந்தரத்துல நின்னுச்சு. கடைசியில ஜெனரல் என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரு. என் வீட்டுக்காரரு கண்ணை மூடிக்கிட்டாரு. மூடின கண்ணுல இருந்து தண்ணி காது வரைக்கும் ஓடுச்சு. துடைக்கக் கை இல்ல.

மணியாட்டிதான் மணியை அடிச்சான். இவரு அந்த வார்டுக்கு வந்த நாள்ல இருந்து அவன் தனக்காக மணி அடிக்கிறதை விட்டுட்டான்னு நர்சு சொன்னா. நான் வீட்டுக்குப் போயிருக்கும்போது இவரு உதடு காஞ்சா அவன் மணி. போர்வை நழுவினா அவன் மணி. என்னைப் பாத்தா தலையைக் குனிஞ்சுக்குவான். அவனை நான் என்ன சொல்லிக் கத்தினேன்னு அவனுக்குத் தெரியாது. தெரியாம இருக்கிறதே நல்லது.

அன்னிக்குச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நான் கட்டில் பக்கத்துல உக்காந்து, பதக்கத்தைச் சட்டையில இருந்து கழட்டினேன். எனக்கு அடக்க முடியல.

"செத்துப் போகலாம்னு பாக்கறீங்களா?"ன்னேன். "போங்க. ஆனா சொல்லிட்டுப் போங்க. உங்க சட்டம் அதுதானே? சொல்லாமத் தொடக்கூடாது, சொல்லாமச் செய்யக்கூடாது. நான் திருப்பிச் சொன்னாத்தானே உங்க கை நகரும்? சொன்னேனே! என் வாயால சொன்னேனே! நான் சொல்லாம இருந்திருந்தா நீங்க முழுசாப் போயிருப்பீங்க, பொறுக்கி எடுக்கக்கூட ஒண்ணும் மிஞ்சியிருக்காது. இந்த வார்டும் போயிருக்கும். நான் சொன்னேன், அந்தக் கை போச்சு. அதைப் போக்கினது பாதி உங்க கை, பாதி என் வாய். அப்படின்னா மிச்சம் இருக்கிற என் கையில பாதி யாரோடது? அதைச் சொல்லுங்க. வாய் இருக்குல்ல, சொல்லுங்க!"

பக்கத்துக் கட்டில் எல்லாம் பாத்துச்சு. பாக்கட்டும். நான் கட்டில் கம்பியில தலையை வெச்சுக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதேன். அழுது ஓய்ஞ்சு, மூக்கைச் சிந்திக்கிட்டு நிமிர்ந்தேன். அவரு என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. உதடு அசைஞ்சுது. ரொம்ப நாளா திறக்காத கதவு மாதிரி குரல் கிறீச்சுன்னு வந்துச்சு.

"இப்ப..."

நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன்.

"இப்ப மூக்கைச் சொறியப் போறேன்."

எத்தனை நாளா அரிச்சுதோ அந்த மூக்கு, கடவுளே. எத்தனை நாளா சொல்லாமப் படுத்திருந்தாரோ.

"இப்ப மூக்கைச் சொறியப் போறேன்"னு திருப்பிச் சொன்னேன். ஒரு வார்த்தை மாத்தல. சொல்லிட்டு என் கையை நீட்டி, அவரு மூக்கைச் சொறிஞ்சு விட்டேன். கண்ணை மூடிக்கிட்டாரு. கொஞ்சம் இடப்பக்கம்னு முகத்தைத் திருப்பிக் காமிச்சாரு. இடப்பக்கமும் சொறிஞ்சேன்.

"முடிஞ்சது"ன்னாரு.